லாரியில் கியர் நிலையை அறிய: ரீட் சென்சாரா, ஹால் சென்சாரா, கியர் பெட்டியில் ஏறும் சுவிட்சா?

கையால் கியர் மாற்றும் லாரியில் வண்டி எந்த கியரில் இருக்கிறது என்பதை மின்சிக்னலாக எடுக்க வேண்டிய தேவை பல வழிகளில் வருகிறது. டிரைவர் முன்னால் கியர் எண்ணைக் காட்டும் டிஸ்ப்ளே, ஓட்டும் முறையைப் பதிவு செய்யும் கருவி, நியூட்ரலில் மட்டும் ஸ்டார்ட்டரையோ பி.டி.ஓ.வையோ (எஞ்சின் சக்தியைப் பம்ப் போன்ற துணைக் கருவிக்கு எடுக்கும் இணைப்பு) வேலை செய்ய விடும் இன்டர்லாக் எல்லாமே இதே தகவலைத்தான் கேட்கின்றன. ஆனால் தகவல் தவறினால் வரும் விளைவு ஒன்றுபோல இருப்பதில்லை. டிஸ்ப்ளேயில் ஒரு நொடி தவறான எண் வந்தால் நஷ்டம் இல்லை. கியரில் நிற்கும் வண்டியை நியூட்ரல் என்று சொல்லி ஸ்டார்ட்டரைச் சுழல விட்டால் வண்டி முன்னால் பாயும். அதனால் எந்த சென்சார் நல்லது என்று கேட்பதற்கு முன், அந்த சென்சார் பழுதானால் என்ன சொல்லும் என்று கேட்க வேண்டும். கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் அந்தக் கேள்வியை வைத்துத்தான் போகிறது.

லீவர் ஒன்று சொல்லும், பெட்டி ஒன்று சொல்லும்

சென்சாரை எங்கே வைப்பது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். கேபினில் லீவரின் அடியில் வைத்தால் வேலை சுலபம். சூடு குறைவு, எண்ணெய் இல்லை, வயர் நீளமும் குறைவு. ஆனால் அங்கே கிடைப்பது லீவரின் நிலை. கியரின் நிலை அல்ல. கேபிள் தளர்ந்தாலும், புஷ் தேய்ந்தாலும், இணைப்புத் தண்டின் பந்துமூட்டு ஆடினாலும் இரண்டுக்கும் இடைவெளி விழும். லீவர் நடுவில் இருக்கும்; உள்ளே கியரைப் பூட்டும் ஸ்லீவ் பாதி ஏறி நிற்கும். கேபிள் அறுந்தால் நிலைமை இன்னும் மோசம்: லீவர் எங்கே போனாலும் பெட்டி பழைய கியரிலேயே இருக்கும்.

பெட்டியின் ஷிஃப்ட் தண்டிலோ, அதன் வெளிக் கைப்பிடியிலோ சென்சாரை வைத்தால் இந்தச் சந்தேகம் போய்விடும். அதற்குப் பதிலாகச் சூடு, சேறு, அதிர்வு, உயர் அழுத்த நீர்க் கழுவல் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். நகர்வும் சிறிது. நியூட்ரலிலிருந்து கியருக்குப் போக ஷிஃப்ட் தண்டு பல பெட்டிகளில் 10 மி.மீ. அளவில்தான் நகர்கிறது.

ரேஞ்ச், ஸ்பிளிட்டர் என்ற துணை கியர் தொகுதிகள் உள்ள பெட்டிகளில் லீவர் நிலை மட்டும் போதாது. ஒரே லீவர் இடத்துக்கு இரண்டு கியர் உண்டு. எது என்பதைக் காற்றழுத்தம் முடிவு செய்கிறது. அதற்கு ரேஞ்ச் சிலிண்டருக்குப் போகும் காற்று வழியில் ஒரு அழுத்த சுவிட்ச் வேண்டும். லீவர் குமிழில் உள்ள ரேஞ்ச் சுவிட்சிலிருந்து சிக்னல் எடுக்கக் கூடாது. டிரைவர் அதை முன்கூட்டியே தள்ளி வைத்துவிடுவார். லீவர் நியூட்ரலைத் தாண்டும்போதுதான் ஸ்லேவ் வால்வு காற்றை விடும். எனவே அழுத்த சுவிட்ச் ஸ்லேவ் வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

ரீட் சுவிட்ச்: எளிமையும் அதன் விலையும்

ரீட் சுவிட்சை 1936இல் பெல் டெலிபோன் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் உருவாக்கினார். அடிப்படை அன்றிலிருந்து மாறவில்லை. கண்ணாடிக் குழாய்க்குள் நிக்கல்-இரும்புத் தகடுகள் இரண்டு, முனைகளில் ரோடியம் அல்லது ருத்தீனியம் பூச்சு, உள்ளே நைட்ரஜன். காந்தம் அருகே வந்தால் தகடுகள் ஒட்டும், விலகினால் விடும். மின்சப்ளை வேண்டாம். மூடிய குழாய் என்பதால் தொடுமுனை கறுக்காது; ஒரு மில்லி ஆம்பியர் போன்ற சிறு மின்னோட்டத்தையும் நம்பகமாகக் கடத்தும். சாதாரண வெள்ளித் தொடுமுனை சுவிட்சிடம் இந்த குணம் கிடையாது. இக்னிஷன் அணைந்த நிலையிலும் பேட்டரியைத் துளியும் குடிக்காது. நின்ற வண்டியில் நாள் கணக்காக விழித்திருக்கும் கருவிகளுக்கு இது பெரிய லாபம்.

சிக்கல் தொடங்குவது வடிவியலில். லீவரின் பிவட்டுக்கு மேலே 100 மி.மீ. உயரத்தில் காந்தத்தை வைப்பதாகக் கொள்வோம். முன்பின் சாய்வு 12 டிகிரி என்றால் அங்கே நகர்வு 21 மி.மீ.; நல்ல இடைவெளி. ஆனால் கேட்டுக்குக் கேட் (கேட் என்பது லீவர் முன்பின் போகும் ஒவ்வொரு தடம்) சாய்வு 5 டிகிரிதான் என்றால் பக்கவாட்டு நகர்வு 9 மி.மீ.கூட இல்லை. ரீடின் கண்ணாடியே 10 முதல் 14 மி.மீ. நீளம். ஒரு கியருக்கு ஒரு ரீட் என்று அடுக்கினால், 3ஆம் கியரில் நிற்கும் காந்தம் பக்கத்து 5ஆம் கியர் ரீடையும் ஒட்ட வைக்கும். 200 மி.மீ. உயரத்துக்குப் போனால் பக்கவாட்டு இடைவெளி 17 மி.மீ. ஆகும், சமாளிக்கலாம். அதற்கு இடமில்லாத கேபின்களில் இரண்டு நகர்வுகளையும் பிரித்து அளப்பதே சரி: முன்பின் நகர்வுக்கு மூன்று ரீட் (முன், நியூட்ரல், பின்), கேட்டுக்கு நான்கு ரீட். ஆறு முன் கியர், ஒரு ரிவர்ஸ் உள்ள பெட்டிக்கு மொத்தம் ஏழு ரீட் போதும். கியருக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என வைத்தால் எட்டு வேண்டியிருக்கும்.

பிரித்து அளப்பதில் எண்ணிக்கையைவிட முக்கியமான லாபம் வேறு. நியூட்ரல் என்பது ஒரு புள்ளி அல்ல. எல்லா கேட்டையும் குறுக்கே வெட்டும் ஒரு கோடு. கோட்டின் ஒரு மூலையில் வைத்த ரீட் மறு மூலையில் நிற்கும் லீவரைப் பார்க்காது. அதைத் தவிர்க்க, எந்த ரீடும் ஒட்டவில்லை என்றால் நியூட்ரல் என்று சிலர் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். இந்த வேலையில் இதைவிட ஆபத்தான குறுக்குவழி இல்லை. வயர் அறுந்தாலும், கனெக்டர் கழன்றாலும், காந்தம் விழுந்தாலும் அந்த அமைப்பு நியூட்ரல் என்றே சொல்லும். நியூட்ரலுக்கு ஒட்டும் ரீட் ஒன்று தனியாக இருக்க வேண்டும், அதுவும் முன்பின் நகர்வில் மட்டும்.

காந்தம் எந்தத் திசையில் கடக்கிறது என்பதும் விளையாடும். ரீடுக்கு இணையாக வைத்த காந்தத்தை ரீடின் நீளவாக்கில் நகர்த்தினால், மிக அருகில் போகும்போது நடுவில் ஒரு பெரிய ஒட்டும் பகுதியும் இரு பக்கமும் சிறு ஒட்டும் பகுதிகளும் வரும். காந்தத்தைச் செங்குத்தாக வைத்தால் நடுவில் விட்டுவிட்டு இரு பக்கமும் ஒட்டும். ஒரே நகர்வில் இரண்டு மூன்று முறை சிக்னல் துடிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், ரீட் கெட்டது அல்ல. காந்தமும் ரீடும் இணையாக இருக்க, நகர்வு ரீடின் குறுக்கே போகும்படி வைத்தால் ஒரே ஒரு பகுதி கிடைக்கும்.

ஒட்டும் இடமும் விடும் இடமும் ஒன்றல்ல. காந்தம் வரும்போது ஒட்டும் தூரத்தைவிட, போகும்போது விடும் தூரம் சில மி.மீ. கூடுதலாக இருக்கும். லீவரில் 20 மி.மீ. நகர்வு இருந்தால் இது நன்மை. சிறு ஆட்டத்துக்கு சிக்னல் துடிக்காது. ஷிஃப்ட் தண்டின் 10 மி.மீ. நகர்வில் இதுவே தொல்லை. கியரை விட்ட பிறகும் ரீட் ஒட்டியே இருக்கலாம். உணர்திறனை ஆம்பியர்-டர்ன் அளவில் தருவார்கள். 10 முதல் 15 வரை உள்ளது தொலைவிலேயே ஒட்டும், அந்நிய காந்தப் புலத்துக்கும் ஒட்டும். லாரிக்கு 20 முதல் 25 வரை உள்ளதை எடுத்து, காந்தத்தை நெருக்கி வைப்பது நல்லது.

அந்நிய புலம் என்பது கற்பனைப் பயம் அல்ல. ஸ்டார்ட்டர் கேபிளில் 1000 ஆம்பியர் ஓடினால், கேபிளின் மையத்திலிருந்து 5 செ.மீ. தூரத்தில் 4 மில்லி டெஸ்லா புலம் இருக்கும், 20 செ.மீ.யில் 1 மில்லி டெஸ்லா. நுட்பமான ரீட் ஒட்டுவதற்கு இந்த அளவே போதும். கொடுமை என்னவென்றால், நியூட்ரல் சிக்னல் உண்மையாக இருக்க வேண்டிய அதே நொடியில்தான் இந்தப் புலம் வருகிறது. பெரிய கேபிளிலிருந்து 30 செ.மீ. தள்ளி வையுங்கள். தள்ள முடியாவிட்டால் ரீடின் நீளம் கேபிளுக்கு இணையாக இருக்கட்டும். புலம் கேபிளைச் சுற்றி ஓடுவதால் அந்த நிலையில் ரீட் மிகக் குறைவாகவே உணரும்.

பொருத்தும்போது நடக்கும் சேதங்கள் தனிக்கதை. கால்களைக் கண்ணாடி அருகே மடக்கினால் முத்திரை விரிசல் விடும். உள்ளே ஈரம் போய்ச் சில மாதம் கழித்துப் பழுதாகும். கண்ணாடிப் பக்கம் மூக்குக் குறடால் பிடித்துக்கொண்டு, குறைந்தது 3 மி.மீ. தள்ளி மடக்க வேண்டும். கால்களை வெட்டிக் குட்டையாக்கினால் உணர்திறன் குறையும், ஏனெனில் காந்தக் கோடுகளைச் சேகரிப்பதே அந்தக் கால்கள்தான். கெட்டியான எபாக்சியை நேரடியாக ஊற்றினால் சூடு-குளிர் மாற்றத்தில் கண்ணாடி நொறுங்கும். முதலில் மென்மையான சிலிக்கான் உறை, பிறகு மற்றது. இரும்புத் தகட்டின் மேல் பொருத்தினால் புலத்தைத் தகடு இழுத்துக்கொள்ளும். அலுமினியம், பித்தளை, பிளாஸ்டிக், 304 வகை துருப்பிடிக்காத எஃகு இவற்றில் பிராக்கெட் செய்யலாம்.

காந்தத்திலும் கவனம் தேவை. சாதாரண நியோடிமியம் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் நிரந்தரமாகப் பலமிழக்கத் தொடங்கும். கேபினுக்குள் அது போதும். பெட்டியின் மேல் வைப்பதானால் 150 டிகிரி தாங்கும் நியோடிமியம் வகையோ சமேரியம்-கோபால்ட்டோ வேண்டும். ஃபெரைட்டும் சூடு தாங்கும். ஆனால் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.2 சதவீதம் பலம் குறையும். பெட்டிக்கு உள்ளே காந்தம் வைக்கவே கூடாது. தேய்மான இரும்புத் தூள் அதில் தாடிபோல் வளர்ந்து புலத்தை மாற்றிவிடும்.

ரீட் சாவதற்கு முதல் காரணம் அதிக மின்னோட்டம். 24 வோல்ட் 21 வாட் ரிவர்ஸ் விளக்கு எரியும்போது இழுப்பது 0.9 ஆம்பியர்தான், இழை குளிர்ந்திருக்கும் முதல் கணத்தில் அதன் பத்து மடங்கு. சிறிய ரீடின் தாங்குதிறன் அரை ஆம்பியர் அளவு. ஒரே தடவையில் தொடுமுனை ஒட்டி வெல்டாகிவிடும். ரீடைச் சோதிக்கவும் டெஸ்ட் லேம்ப்பைத் தொடாதீர்கள், மல்டிமீட்டர் மட்டுமே. ரிலேயை ஓட்டினால் சுருளுக்குக் குறுக்கே டயோடு கட்டாயம். நீள வயரின் கொள்ளளவே ஒரு சிறு பொறியைத் தரும். ரீடுக்கு அருகிலேயே 100 ஓம் தொடரில் போட்டால் அதுவும் அடங்கும்.

வயரிங்: ஒரு வயரில் எல்லா ரீடும்?

ஒவ்வொரு ரீடுக்கும் ஒரு ரெசிஸ்டர் போட்டு ஒரே அனலாக் வயரில் கொண்டுவருவது பலருக்கும் பிடித்த வழி. 5 வோல்ட்டிலிருந்து 1 கிலோ ஓம் புல்-அப் (சிக்னல் வயரைச் சப்ளையோடு இணைக்கும் ரெசிஸ்டர்), கடைசி முனையில் எப்போதும் இருக்கும் 10 கிலோ ஓம், கியருக்கு ஒரு ரெசிஸ்டர். 4ஆம் கியருக்கு 1.5, 5ஆவதற்கு 2.4, 6ஆவதற்கு 4.3 கிலோ ஓம் என்றால் வோல்டேஜ் முறையே 2.83, 3.30, 3.75. தெளிவாகப் பிரிகிறது. இப்போது 6ஆம் கியர் ரீட் வெல்டாகிவிட்டது என்று வையுங்கள். லீவர் 5இல் இருக்கும்போது இரண்டும் சேர்ந்து 2.86 வோல்ட் காட்டும். கருவி அதை 4ஆம் கியர் என்று படிக்கும். பழுது தன்னைக் காட்டிக்கொள்ளாமல் இன்னொரு கியராக வேடம் போடுகிறது.

முன்பின் நகர்வின் மூன்று ரீடுக்கும் சேர்த்து ஒரு தனி வயர் வைத்து, ரெசிஸ்டர்களை இருமடங்கு விகிதத்தில் எடுத்தால் இது நடக்காது: முன் 1 கிலோ ஓம், நியூட்ரல் 2 கிலோ ஓம், பின் 3.9 கிலோ ஓம், கடைசியில் அதே 10. முன் மட்டும் ஒட்டினால் 2.38 வோல்ட், நியூட்ரல் மட்டும் 3.13, பின் மட்டும் 3.69, எதுவும் ஒட்டாவிட்டால் 4.55. இரண்டு ஒட்டினால் 2.69, 2.12, 1.92 என்று எதோடும் சேராத மதிப்புகள் வரும். மூன்றும் ஒட்டினால் 1.75. வயர் அறுந்தால் 5, எர்த்தில் தொட்டால் 0. மிக நெருங்கிய இரண்டு மதிப்புகளுக்கும் 0.17 வோல்ட் இடைவெளி இருப்பதால் 1 சதவீத ரெசிஸ்டர் போதும். கேட் ரீடுகளுக்கு இன்னொரு வயர். நான்கு ரீடுக்கும் இதே விகிதத்தை நீட்டினால் படிகள் மிக நெருங்கிவிடும். அங்கே நியூட்ரல் போன்ற அபாயம் இல்லாததால் கொஞ்சம் தளர்வாக விடலாம்.

கியர் மாற்ற அரை நொடிக்கு மேல் ஆகிறது. எனவே 50 மில்லி நொடி ஒரே மதிப்பு நின்றால்தான் ஏற்பது என்று வைத்தால் எதையும் இழப்பதில்லை. குலுக்கலும் தொடுமுனைத் துள்ளலும் வடிகட்டப்பட்டுவிடும்.

ஹால் சென்சார்

அதே காந்தம், அதே இடங்கள். ரீடுக்குப் பதில் காந்தப் புலத்தை உணர்ந்து மாறும் சிப்பான ஹால் சுவிட்ச். தேயும் பாகமே இல்லை, வெல்டாக எதுவும் இல்லை. பல டிஜிட்டல் ஹால் சுவிட்சுகள் மாற 5 மில்லி டெஸ்லாவிலிருந்து 30 வரை வேண்டும். எனவே ஸ்டார்ட்டர் கேபிளின் 4 மில்லி டெஸ்லா அவற்றை ஏமாற்றாது. அதே காரணத்தால் காந்தம் நெருக்கமாக வர வேண்டும். லீவரின் பக்கவாட்டு ஆட்டம் 2 மி.மீ. கூடினாலும் சிக்னல் போய்விடலாம்.

பலவீனம் சப்ளையில். எங்கும் கிடைக்கும் ஏ3144 வகை 24 வோல்ட் வரைக்கும்தான்; உச்ச வரம்பு 28. ஓடும் லாரியின் மின்சுற்று 28 வோல்ட்டில் நிற்கிறது. ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்துகொண்டிருக்கும்போது பேட்டரி இணைப்பு கழன்றால், அடக்கி இல்லாத 24 வோல்ட் அமைப்பில் 200 வோல்ட்டை நெருங்கும் உந்துதல் வரும். நேராக இணைத்தால் முதல் வாரத்திலேயே போய்விடும். வாகனத் தர 5 வோல்ட் சீராக்கி, அதற்கு முன் உந்துதல் அடக்கும் டயோடு, ஃப்யூஸ் மூன்றும் வேண்டும். ஏழு சென்சார் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் எடுத்தால் ஒரு நாளில் 1.2 ஆம்பியர்-மணி, இக்னிஷன் வழியாக மட்டும் சப்ளை கொடுங்கள்.

புதிதாக ஒரு கருவியே வடிவமைப்பவர்களுக்கு மூன்று அச்சு ஹால் சிப் ஒன்றே போதும். லீவரின் அடிமுனையில் ஒரு காந்தம், எதிரே ஒரு சிப். சாய்வு இரண்டு கோணங்களாக வரும். புலத்தின் அளவை நம்பாமல் அச்சுகளின் விகிதத்தை எடுப்பதால், சூட்டில் காந்தம் பலமிழந்தாலும் கோணம் பெரிதாக மாறாது. ஒவ்வொரு கியரிலும் லீவரை நிறுத்திக் கற்பிக்க வேண்டும். புஷ் மாற்றினால் மறுபடியும் கற்பிக்க வேண்டும். பத்து வண்டிக்கு மேல் ஒரே மாதிரி பொருத்துவதென்றால் எங்கள் தேர்வு இதுதான். ஒரு வண்டிக்கு ரீடே போதும்.

மற்ற வழிகள்

பெட்டியில் திருகி ஏற்றும் பந்துமுனை சுவிட்சை இன்டர்லாக்குக்கு நம்பலாம். ஷிஃப்ட் தண்டின் பள்ளத்தில் பந்து விழுந்தால் ஒரு நிலை, ஏறினால் மறு நிலை. நடுவே கேபிளோ லீவரோ இல்லை. பல பெட்டிகளில் நியூட்ரல், ரிவர்ஸ் இரண்டுக்கும் இது ஏற்கெனவே இருக்கும், அல்லது மூடி திருகிய ஓட்டையாவது இருக்கும். மாற்றும்போது செம்பு வாஷரின் தடிமனை மாற்றக் கூடாது. தடித்தால் பந்து எட்டாது; மெலிந்தால் எப்போதும் அழுந்தியே இருக்கும். இந்த சுவிட்சுகள் விளக்கு மின்னோட்டத்துக்காகச் செய்யப்பட்டவை. 1 மில்லி ஆம்பியர் உள்ளீட்டோடு இணைத்தால் வெள்ளித் தொடுமுனை கறுத்து விட்டுவிட்டு வேலை செய்யும். 24 வோல்ட் பக்கம் 2.2 கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டர் புல்-அப் போட்டால் 11 முதல் 13 மில்லி ஆம்பியர் ஓடி முனை சுத்தமாக இருக்கும்.

உலோகம் அருகே வருவதை உணரும் இண்டக்டிவ் சென்சார் வெளிக் கைப்பிடியை நன்றாகப் பார்க்கும், காந்தம் வேண்டாம். ஆனால் 12 மி.மீ. விட்டமுள்ள, முகம் உறையோடு சமமாக இருக்கும் உள்ளமை வகையின் உணரும் தூரம் 2 மி.மீ.தான். சேறு கெட்டியாகி இடிக்கும், புஷ் தேய்ந்தால் முகமே உரசும். தொழிற்சாலை வகைகளின் 30 வோல்ட் மேல்வரம்பும் லாரிக்கு மிக நெருக்கம்.

சென்சாரே இல்லாமல் கணக்கிடவும் முடியும். எஞ்சின் சுழற்சி 1500, டயர் சுற்றளவு 3.2 மீட்டர், வேகம் மணிக்கு 40 கி.மீ., ஆக்சில் விகிதம் 4.1 என்றால்: 1500 × 3.2 × 0.06 ÷ 40 ÷ 4.1 = 1.76. இதைப் பெட்டியின் விகிதப் பட்டியலில் தேடினால் கியர் கிடைக்கும். லாரியின் கட்டுப்பாட்டுக் கருவிகள் தகவல் பரிமாறும் ஜே1939 வலையில் எஞ்சின் சுழற்சி 61444 என்ற செய்தியிலும் வேகம் 65265 என்ற செய்தியிலும் வருகின்றன. கிளட்ச் சுவிட்ச் நிலையும் பின்னதிலேயே இருக்கும். தானியங்கிப் பெட்டி என்றால் 61445 செய்தியில் கியர் எண்ணே வரும்: மூல எண் 125 என்றால் நியூட்ரல், 124 ரிவர்ஸ், 126 முதல் கியர். கைக் கியர் லாரிகளில் இந்தச் செய்தி பொதுவாக இருக்காது. கணக்கின் குறை வெளிப்படை: நிற்கும் வண்டியிலும், கிளட்ச் அழுத்தியபோதும், நியூட்ரலில் உருளும்போதும் அதற்கு எதுவும் தெரியாது. எரிபொருள் ஆய்வுக்கும் ஓட்டும் முறைப் பதிவுக்கும் அந்த நேரங்கள் தேவையில்லை. அந்த வேலைக்கு லாரியில் ஒரு துளைகூடப் போடாத இந்த வழியையே எடுங்கள்.

எதற்கு எது

டிஸ்ப்ளேவுக்கும், நிற்கும்போதும் கியர் தெரிய வேண்டிய பதிவுக்கும் கேபினில் ரீட்; பிரித்து அளக்கும் ஏழு ரீட் அமைப்பு. ஸ்டார்ட்டர், பி.டி.ஓ. இன்டர்லாக்குக்குப் பெட்டியில் உள்ள சுவிட்ச். லீவர் ரீடை இரண்டாம் சாட்சியாகச் சேர்க்கலாம், இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் அனுமதி. ரிவர்ஸ் விளக்குக்கும் கேமராவுக்கும் பழைய ரிவர்ஸ் சுவிட்சிலிருந்தே ரிலே வழியாக எடுங்கள்.

எதைப் பொருத்தினாலும் ஒப்படைக்கும் முன் இந்தச் சோதனைகள் நடக்க வேண்டும். எஞ்சின் அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஒவ்வொரு கியரிலும் லீவரை நான்கு பக்கமும் தள்ளிப் பார்த்து மதிப்பு மாறுகிறதா என்று குறியுங்கள். லீவர் நியூட்ரலில் இருக்க, எல்லா கேட்டிலும் நியூட்ரல் சிக்னல் நிற்கிறதா பாருங்கள். கனெக்டரைக் கழற்றி, கருவி நியூட்ரல் என்று சொல்லாமல் பழுது என்று சொல்வதை உறுதி செய்யுங்கள். பிறகு நியூட்ரலில், எரிபொருளை நிறுத்தி, ஸ்டார்ட்டரை ஐந்து நொடி சுழற்றி, அந்த நேரத்து வோல்டேஜைப் பதிவு செய்யுங்கள், 3.13 இருக்க வேண்டிய இடத்தில் 2.69 அல்லது 1.92 தலைகாட்டினால் பக்கத்து ரீடைக் கேபிளின் புலம் ஒட்ட வைக்கிறது என்று பொருள். கடைசியாக, ஒரு மணி நேரம் சுமையோடு ஓட்டி பெட்டி சூடான பிறகு முதல் இரண்டு சோதனைகளையும் திரும்பச் செய்யுங்கள்.